பெரியப்பாவக் கொன்ன நோட்டு

ஆரப்பாளையத்துல உசிலம்பட்டி பஸ்ஸுக்கு சீட் பிடிக்கணும்னா ஒரே வழிதான். ஜன்னல் வழியா பையத் தூக்கி சீட்ல போடு, அப்பறம் ஓடிப்போயி ஏறு. பர்ஸ்ட் இயர்ல நானும் போட்டேன். பை கரெக்டா விழுந்துச்சு. நான் படிக்கட்டுக்கு வாரதுக்குள்ள பஸ் கெளம்பிருச்சு. என் பை ஜம்முனு உக்காந்து போகுது, நான் ரோட்டுல நிக்கிறேன்!

அடுத்த பஸ்ல போயி உசிலம்பட்டியில விசாரிச்சா, டைம் கீப்பர் என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. "அந்தப் பையா? கண்டக்டர் போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டாரு பாப்பா."

பைக்குள்ள சார்ஜ் செத்த போனும் நான் நாவல் எழுதிக்கிட்டிருந்த நோட்டும் கெடந்துச்சு. பதினேழு வயசுப் பொண்ணு மேல கொலைப்பழி விழுகுற மர்மக்கத, அவளே சொல்ற மாதிரி. நம்பர் தேடி நோட்டப் பிரிச்ச கண்டக்டருக்கு மொத வரியே இதான்: "பெரியப்பா செத்து மூணு நாளாச்சு. எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க." பின்னட்டையில என் டவுட்டு: "எலி மருந்து வாடை காபியில தெரியுமா?"

"பெரியப்பா இருக்காரா உனக்கு?"ன்னு நான் ஸ்டேஷனுக்குள்ள நொழஞ்சதுமே கேட்டாங்க எஸ்ஐ மேடம்.

"இருக்காரு மேடம், உசுரோட இருக்காரு!"

நம்பர் வாங்கி அடிச்சாங்க. எங்க பெரியப்பா தெரியாத நம்பர எடுக்கவே மாட்டாரு. மூணு தடவ அடிச்சாச்சு. ஏட்டய்யா என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "அப்பாவுக்குப் போட்ருவோமா?"ங்கிறாரு.

"ஐயோ சார், காலேஜ நிப்பாட்டி வீட்டுல உக்கார வச்சிருவாரு! பெரியப்பா இங்க ஆட்டுச் சந்தையிலதான் இருப்பாரு, ஆள் அனுப்பிக் கூப்பிடுங்க!"

அரைமணி நேரத்துல செத்தவரு வந்தாரு. கையில கயிறு, கயித்துல புதுசா வாங்குன கெடா. அது ஸ்டேஷன் வாசல்லயே புழுக்க போட்டுச்சு.

நோட்டக் குடுத்தாங்க. வாய் அசைச்சு அசைச்சுப் படிச்சாரு. மொகம் செவந்துருச்சு.

"ஏத்தா, மொத வரியிலயே சாகடிச்சுட்டயே! ஒரு வார்த்த பேச விட்டயா?"

"கதைக்கு அதான் பெரியப்பா வேணும்."

"அப்ப உங்கப்பங்கிட்ட சொல்லிருவோமா?"

"இருங்க, இருங்க! பத்துப் பக்கம் உசுரோட வச்சுக்கிறேன்."

"இருவது. ஒரு சண்டையில நான் ஜெயிக்கணும்."

எஸ்ஐ மேடம் பைலால மூஞ்சிய மூடிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. ஏட்டய்யா, "இருவதே குடுத்துரும்மா, அம்புட்டுத் தூரம் நடந்து வந்துருக்காருல்ல"ங்கிறாரு. ஒத்துக்கிட்டேன். கையெழுத்து வாங்கிட்டு பையக் குடுத்தாங்க.

அப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நாவலுந்தான் முடியல. இப்ப நாப்பதாவது பக்கம் ஓடுது, பெரியப்பா வாராவாரம் போனப் போட்டு இன்னும் பத்துப் பக்கம் உசுரு கேக்குறாரு.