காவல் சம்மனசுக்குப் பிடித்து வைத்த இடம்

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, விழுப்புரம் பேருந்து நிலையத்தில் என் கணவரைத் தொலைத்துவிட்டேன். பிள்ளையைத் தொலைத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பத்தாறு வயது ஆளைத் தொலைத்தவள் நான். சிரிக்காதீர்கள். அவரால் தன் பெயரைச் சொல்ல முடியாது. ஊரைச் சொல்ல முடியாது. தாகம் எடுத்தால் தண்ணீர் என்று கேட்க வாய் வராது. வலது கால் இழுத்துக்கொண்டு போகும். போன் என் பையில், அடையாள அட்டை என் பையில், மருத்துவமனைச் சீட்டும் என் பையில்.

அந்தப் பையைப் பற்றித்தான் இந்தச் சாட்சி.

என் பெயர் பிலோமினா. திண்டிவனத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவர் அந்தோணிசாமி, மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். சுற்றுக் கிராமங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அவரைத்தான் தேடி வருவார்கள். நல்ல கைத்திறன், அதைவிட நல்ல வாய். அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். நான் மட்டும் குறைந்தவளா? எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை அணைத்துவிடுவார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு காலைப் பொழுது, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தார். கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. அவர் வாயை மூடினால் போதும் என்று எத்தனை நாள் சொல்லியிருப்பேன்! மூடிய பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை அந்தச் சத்தம்தான். பிள்ளை இல்லை எங்களுக்கு. ஆண்டவரிடம் கோபம் வந்தது. பல வாரம் பூசைக்குக்கூடப் போகவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மெஷினில் உட்கார்ந்தபடி, பழக்கத்தில் காவல் சம்மனசு செபத்தை முணுமுணுத்தேன். இப்போது கோயிலில் காவல் தூதர் என்கிறார்கள். எனக்குச் சம்மனசு என்றால்தான் வாயில் வரும். பின்னாலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் இவர்! சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் படித்த செபம். முதலிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். "யோவ், பேசுற!" என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது.

விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் சொன்னேன். "சின்ன வயசுல மனப்பாடமா பதிஞ்சது அப்படி வரும்மா. தினம் சொல்ல வைங்க. சொந்தப் பேச்சு மெதுவா வரும், அவசரப்படாதீங்க" என்றார். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போய் வருகிறோம். தினமும் மூன்று வேளை அந்தச் செபம்.

எனக்கு வேறு துணை ஏது? காவல் சம்மனசோடு பேச ஆரம்பித்தேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போது பேசுவேன், ரேஷன் வரிசையில் நிற்கும்போது பேசுவேன். ஒரு பெயர்கூட வைத்தேன். பங்குத் தந்தை கேட்டுவிட்டு, "பேரு வைக்கக் கூடாதும்மா. அவரு கடவுளோட ஆளு, நீங்க வளர்க்கிற கிளி இல்ல" என்றார். பெயரை விட்டேன். ஆனால் இன்னொரு பழக்கத்தை விடவில்லை. கான்வென்ட்டில் படித்தபோது எங்கள் சிஸ்டர், பெஞ்சில் ஓரமாக நகர்ந்து உட்காரச் சொல்வார், பக்கத்தில் சம்மனசானவர் உட்கார இடம் வேண்டும் என்று. கத்தோலிக்கப் பள்ளியில் படித்த பல பேருக்கு இது ஞாபகம் இருக்கும். அதை நான் பேருந்துக்குக் கொண்டுபோனேன். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் சன்னலோரம் இவர், நடுவில் நான், ஓரத்தில் என் பை. பை இருக்கும் இடம் சம்மனசானவருக்கு. கூட்டம் இல்லாத நாளில் யாருக்கும் தொந்தரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு முன்னால் போக வேண்டிய ஒரு பேருந்து வரவில்லை. கூட்டேரிப்பட்டில் பேருந்து பிதுங்கியது. அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் கூடையோடு ஒரு அம்மா ஏறினார். ஐம்பது வயது இருக்கும். நரம்பு சுருண்டு வீங்கிய கால்.

"ஏம்மா, அந்தப் பையை எடுத்தா ஒக்காந்துக்குவேன். கால் கடுக்குது."

"ஆள் இருக்காங்க."

"எங்க இருக்காங்க? பை தான் இருக்குது."

அப்போதாவது எடுத்திருக்க வேண்டும். என் புத்தி போன போக்கு, "விக்கிரவாண்டியில ஏறுவாங்க" என்று ஒரு பொய் சொன்னேன். சம்மனசுக்காகச் சொல்கிற பொய்தானே என்று மனதில் ஒரு சமாதானம் வேறு.

நடத்துனர் வந்தார். "யம்மா, டிக்கெட் ரெண்டு எடுத்துக்கினு எடம் மூணு கேக்குறியே, இன்னா நியாயம்?"

"வியாதிக்காரரை வெச்சிக்கினு வர்றேன், சும்மா பேஜாரு பண்ணாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். நடத்துனர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது இவர் என்னைத் தாண்டி இடது கையை நீட்டி, பையைத் தூக்கப் பார்த்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். சொந்த வாயால் கேட்க முடியாத மனிதர் கையால் கேட்டார், நான் தட்டிவிட்டேன். இதைச் சொல்லாமல் சாட்சி சொன்னால் அது சாட்சி ஆகாது.

விக்கிரவாண்டி வந்தது. யாரும் ஏறவில்லை. "எங்கம்மா உன் ஆளு?" என்றார் மல்லாட்டைக்கார அம்மா. நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நின்றபடியே வந்து, விழுப்புரத்துக்குள் நுழைந்ததும் ஒரு நாற்சந்தியில் இறங்கிவிட்டார்.

பேருந்து நிலையத்தில் இவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, "இங்கயே இரு, நவுராத" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். அங்கே வரிசை. திரும்பி வந்தபோது பெஞ்சு காலி.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம். புதுச்சேரி பேருந்துகள், திருவண்ணாமலை பேருந்துகள், திருச்சி பேருந்துகள், ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். கடை கடையாகக் கேட்டேன். நேரக் காப்பாளர் அறையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: அந்தோணிசாமி என்பவர் எங்கிருந்தாலும் உடனே வரவும். யார் வருவது? வந்து என்னவென்று சொல்வது? வெளியே லாரி போகிற சாலை. இழுத்துக்கொண்டு நடக்கிற கால். மணி பதினொன்று ஆனது. போலீஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டார். "போட்டோ இருக்குதாம்மா?" என்று கேட்டார். இவருடைய அட்டையை எடுத்துக் காட்டினேன். அந்தக் காலி பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

சம்மனசானவரோடு சண்டை போட்டேன். உனக்காக ஊரே திட்டத் திட்ட இடம் பிடித்து வைத்தேனே, நீ எங்கே போனாய் என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். அழுது ஓய்ந்தபோது வேறொன்று தோன்றியது. இவருக்கும் ஒரு காவல் சம்மனசு உண்டே! ஒரு வருடத்துக்கு மேலாக நான் என்னுடையவரோடு மட்டும்தான் பேசினேன். இவருடையவரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "அவரோட காவல் சம்மனசே, அவர் எங்க இருந்தாலும் நீர் பக்கத்துலதானே இருக்கீர். கையை விட்டுடாதீர்" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. மனதுக்குள் முள் மாதிரி ஒன்று குத்தியது. ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு காவல் தூதரைக் கடவுள் கொடுத்திருக்கிறார் என்றுதானே நம் திருச்சபை சொல்கிறது? அப்படியானால் கூட்டேரிப்பட்டில் ஏறிய அந்த அம்மாவுக்கும் ஒருவர் உண்டு. அந்த அம்மாவோடு அவரும் கூடவேதான் வந்திருப்பார். நான் வெறும் பையை உட்கார வைத்துவிட்டு அவர்கள் இருவரையும் நிற்க வைத்தேன். அந்தப் பெஞ்சில் இருந்தபடியே கண்ணை மூடி, அந்த அம்மாவின் காவல் சம்மனசிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்தம்மா மனசுல என்மேல இருக்கிற கசப்பை எடுத்துடுங்க. நான் இனிமே இப்படிச் செய்யமாட்டேன்" என்றேன். கணவரைத் தேட வேண்டிய நேரத்தில் இது என்ன செபம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அதைத்தான் சொல்ல வாய் வந்தது.

சிறிது நேரம் சென்றிருக்கும். நேரக் காப்பாளர் போனைக் காதில் வைத்தபடி என்னிடம் வந்தார். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"காலைல திண்டிவனம் பஸ்ல பக்கத்து எடத்துல யாரையும் ஒக்கார உடாத அம்மா... நீங்க தானா?"

"நான்தாங்க! நான்தான்!" என்று எழுந்தேன். எந்தக் குற்றத்தையும் வாழ்க்கையில் இத்தனை வேகமாக ஒப்புக்கொண்டதில்லை.

"ஒங்க ஊட்டுக்காரரு பத்திரமா இருக்காரும்மா. ஜல்தியா போங்க."

நடந்தது இதுதான். மல்லாட்டைக்கார அம்மா, பெயர் அஞ்சலை, அந்த நாற்சந்தியில்தான் வியாபாரம் செய்கிறவர். இவர் எப்படியோ அவ்வளவு தூரம் நடந்து, சாலையைக் கடக்க இறங்கியிருக்கிறார். லாரி வருவதைப் பார்த்து அஞ்சலை ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாங்கள் வந்த அதே பேருந்து திண்டிவனத்துக்குத் திரும்பும்போது கையைக் காட்டி மறித்து, நடத்துனரிடம் சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. "காலைல சண்டை போட்டுச்சே, அந்தம்மா புருஷன்" என்றால் நடத்துனருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அவர்தான் நேரக் காப்பாளருக்குப் போன் செய்தவர். நான் மரியாதையாக நடந்திருந்தால் எங்களை யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்? என் பாவத்தைக்கூட ஆண்டவர் வீணாக்கவில்லை.

ஆட்டோவில் போய் இறங்கினேன். ஒரு புங்க மரத்தடியில் நீளமான பலகை. அதன் ஓரத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். நன்றாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு. அந்த இடத்தில் அஞ்சலை உட்கார்ந்து மல்லாட்டை அளந்துகொண்டிருந்தார். இவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காவல் சம்மனசு செபம்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். நாற்சந்தியில், ஊர் பார்க்க. வெட்கமே இல்லை.

"பேரு இன்னான்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல" என்றார் அஞ்சலை. "ஒரே ஜெபத்தையே சொல்லிக்கினு இருந்தாரு. எங்களுக்கு அது இன்னா தெரியும்? நான் எப்பவும் நின்னுக்கினே தான் யாவாரம் பண்ணுவேன். இவரு உடல. பலகையைத் தட்டித் தட்டி என்னை ஒக்கார சொன்னாரு. காலைல நீ குடுக்காத எடத்த இவரு குடுத்துட்டாரு."

அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேன்.

"உடும்மா, அழுவாத. ஆமா, நெசமா சொல்லு, அந்த எடம் யாருக்கு?"

சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். நம் ஒவ்வொருவருக்கும் கடவுள் ஒரு தூதரைக் காவலாகக் கொடுத்திருக்கிறார், அவருக்காகத்தான் பிடித்து வைத்தேன் என்று. அஞ்சலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அட போம்மா! சாமியோட ஆளுன்ற. கூடையைத் தூக்கிக்கினு ஒருத்தி நிக்கறத பாத்தா அவரு எழுந்து எடம் குடுத்திருக்க மாட்டாரா? நீ தான் அவர எழுந்திருக்க உடல."

பல வருடமாகப் பிரசங்கம் கேட்டவள் நான். இப்படி ஒரு பிரசங்கத்தைக் கேட்டதில்லை.

அடுத்த சில நாளில் அக்டோபர் இரண்டு, காவல் தூதர்கள் திருநாள். பங்குத் தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்கினேன். நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போது மூன்று பெயர் எழுதினேன்: அந்தோணிசாமி, பிலோமினா, அஞ்சலை. இப்போது செவ்வாய்தோறும் பயிற்சி முடிந்து அந்த நாற்சந்தியில் இறங்குகிறோம். அஞ்சலையின் ஜாக்கெட் எல்லாம் நான்தான் தைக்கிறேன். கை இறுக்கம், கழுத்து அகலம் என்று ஆயிரம் குறை சொல்வார். வாய் அவருக்கும் குறைவில்லை.

கோபம் எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் யாரிடமாவது சண்டைக்குப் போகும் முன் இப்போது ஒரு நொடி நிற்கிறேன். எதிரில் நிற்பவரின் காவல் சம்மனசுக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் சொல்கிறேன். அதற்குப் பிறகு கத்துவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்பானவர்களே, நீங்கள் தனி ஆள் இல்லை. பிறந்த நாள் முதல் உங்களை விட்டு நகராத ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். அவரோடு பேசுங்கள். உங்கள் வீட்டில் வாய் திறக்க முடியாமல் கிடப்பவருக்கும் ஒருவர் இருக்கிறார், அவரையும் கூப்பிடுங்கள். உங்களுக்குப் பிடிக்காதவருக்கும் ஒருவர் இருக்கிறார். அவரை மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பேருந்தில் நல்ல கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பையை எடுத்து மடியில் வைப்பதற்குள், என்னைத் தாண்டி அந்த இடது கை நீண்டது. இருக்கையை இரண்டு தட்டு தட்டியது. பிறகு அவர் குரல், பழைய குரலில் பாதி, ஆனால் அவருடைய சொந்தக் குரல்:

"ஒக்காரு."

ஆண்டவருக்கு நன்றி. அந்தப் பெண் உட்கார்ந்தாள்.