சுமினாவுக்கு நான் போட்ட வளையல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனை வருடம் தள்ளிப்போட்டேன் என்பது எனக்கே தெரியாது. ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றி முடித்த கையோடு, "இந்த வருஷம் எழுதிடறேன் ஆத்தா" என்று மாரியம்மன் முன்னால் சொல்வேன். அடுத்த ஆடி வந்துவிடும். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கோயில் உபயத்துக்குப் பெயர் எழுதிக் கொடுப்பதைத் தவிர எனக்கு எழுத்து வேலை கிடையாது. ஆனால் படிப்பு குறைச்சல் என்பது சாக்குதான். உண்மைக் காரணம் வேறு. போகப்போகச் சொல்கிறேன். கேட்ட பிறகு நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் குற்றமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தான் மண்டபத்தில் ஒரு கூட்டம். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: 'மகளிர் நலம், உழைக்கும் குடும்பங்களின் நலம்'. அதில் நான்கு முகம். நான்கும் மீசை வைத்த முகம். எங்கள் தொகுதிக்கு ஜெயித்த ஒய்பி தாமதமாக வந்து, தாமதத்துக்குக் காரணம் மக்கள் சேவை என்றார். "பெண்கள் நாட்டின் கண்கள்" என்றார். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. அந்த வகையில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அப்புறம், "அந்தக் காலத்திலேயே தோட்டத்துப் பெண்களுக்காகக் குரல் கொடுத்த பெரியவர்" என்று ஒருவரை எழுப்பிப் பொன்னாடை போட்டார்கள். எட்டிப் பார்க்கிறேன், எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி! நெற்றி நிறைய விபூதி, நடுவில் அகலமான குங்குமம். எல்லாரும் கை தட்டினார்கள். என் கையும் பாதி தூரம் போய்விட்டது. பழக்க தோஷம்.

திரும்பும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு. வீட்டில் வந்து பிரித்தேன். புது பிளாஸ்டிக் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், அந்தக் காலத்து அசாம் ஜாவா பக்கத்தில், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் போய் நின்றேன்.

அந்த வாசத்தை எங்கள் மருந்து கேங்கு வருடத்தில் ஒரே நாள்தான் முகரும். நாங்கள் ஏழு பெண்கள், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனை மரத்தடியில் களைக்கொல்லி அடிப்பவர்கள். பெரிய ஆபீசிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிற நாளில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் மேல்கோட்டு, முகமூடி, கையுறை எல்லாம் கொடுப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு வந்து நிற்பார். "கழட்டிப் போடுங்க, கழட்டிப் போடுங்க. அழுக்கு பண்ணிடாதீங்கலா." மறுநாள் முதல் பழைய துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு அதே மருந்துதான். எங்கள் கேங்கின் மூத்தவள் வள்ளியக்கா, "நம்ம உசுரு வருசத்துக்கு ஒரு நாள்தான்டி அவனுங்களுக்கு வேணும்" என்பாள். அவள் வாய்க்குப் பயந்தே மண்டோர் எங்கள் பக்கம் அதிகம் வரமாட்டார்.

அந்த ஏழு பேரில் ஒருத்திதான் சுமினா. ஜாவாக்காரி. அவள் புருஷன் யந்தோ அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். இரண்டு பேரும் ஊரில் கல்யாணம் பண்ணிக்கொண்டு, பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர்கள். வந்த ஆறே மாதத்தில் எங்களிடமிருந்து தமிழைப் பொறுக்கிக்கொண்டாள். முதலில் கற்றது வசவு. வள்ளியக்காவுக்குப் பக்கத்தில் வேலை செய்தால் வேறென்ன வரும்? காலையில் என்னைப் பார்த்ததும், "அக்கா, சாமி கும்பிட்டாச்சா?" என்பாள். நான் கும்பிட்டேன் என்றதும், "நானும் கும்பிட்டாச்சு" என்று முக்காட்டைச் சரி செய்துகொள்வாள். அவள் சாமி அவளுக்கு, என் சாமி எனக்கு. இரண்டு பேரையும் ஒரே மருந்துக்குத்தான் அனுப்பி வைத்திருந்தார்கள் இரண்டு சாமிகளும்.

ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். மருந்து வாடை என்று நினைத்தேன். வள்ளியக்கா அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எத்தன மாசம்டி?" என்றாள். நான்கு. அதற்கு முன்னால் ஊரில் இரண்டு முறை கலைந்திருக்கிறதாம். இது மூன்றாவது. சொல்லிவிட்டு எங்கள் காலைத் தொட வந்தாள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று.

ஏன் என்று கேட்பீர்கள். பெர்மிட்டில் வந்த பெண் உண்டாகக் கூடாது. அது ரூல். உண்டானால் பெர்மிட் ரத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், தனியாக. ஆணுக்கு அந்த ரூல் கிடையாது, அவனுக்கு வயிறு தெரியாதே. இரண்டு பேருக்கும் ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரை மறைத்துவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே ஊருக்குப் போய்விடலாம், பிள்ளை அப்பன் கையில் பிறக்கும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதை இங்கே யாரிடமும் கேட்க முடியாது. எங்களிடம் கேட்டாள்.

நாங்கள் முதலில் நேர்வழியில்தான் போனோம். வள்ளியக்காவும் நானும் ஆபீசுக்குப் போய், பெயர் சொல்லாமல், "பிள்ளத்தாச்சிப் பொம்பளைங்கள மருந்துக்கு அனுப்ப வேணாம், உதிரிப் பழம் பொறுக்குற வேலை கொடுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுங்க" என்று கேட்டோம். கிராணி பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரு பிள்ளத்தாச்சி?"

"யாராயிருந்தாலும்ங்க."

"லோக்கலா இருந்தா எழுதிக் குடு, பாக்கலாம். பெர்மிட் ஆளா இருந்தா என்கிட்ட ரூல் இருக்கு." அப்புறம் என்னைப் பார்த்து, "நீ கோயில்ல விளக்கு ஏத்துற பொம்பள. உனக்கு எதுக்குமா இந்த யூனியன் வேலை?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வள்ளியக்கா படியிறங்கும்போது சத்தமாகவே சொன்னாள்: "இவனைப் பெத்தவளும் பொம்பளதான். அந்த வயித்துக்கு எவன் பெர்மிட் கொடுத்தான்னு கேக்கணும்."

அதற்கப்புறம் குறுக்கு வழி. சுமினாவின் பம்பை நாங்கள் முறை போட்டுச் சுமந்தோம். மண்டோர் தலை தெரிந்தால் அவள் முதுகில் வெறும் பம்பு ஏறும். தலை மறைந்தால் இறங்கும். அவள் மருந்துக் காற்று வராத பக்கமாக உட்கார்ந்து உதிரிப் பழம் பொறுக்குவாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் வள்ளியக்காவின் புருஷன் சட்டையை மாட்டிவிட்டோம். அந்த மனுஷனின் சட்டையில் மூன்று சுமினா ஒளியலாம். மூன்று மாதம் ஓடியது. இன்னும் ஏழெட்டு வாரம்தான்.

இங்கேதான் நான் வருகிறேன்.

ஏழாம் மாதம் நிறைந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. தாயில்லாத ஊரில் ஒரு பெண், வெறுங்கையோடு வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாளே என்று. வளைகாப்பு போட வேண்டும் என்றேன். வளையல் சத்தம் கேட்டால்தான் வயிற்றுப்பிள்ளைக்குச் சந்தோஷம், காத்து கறுப்பு அண்டாது, பிரசவம் சுகமாகும் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள்.

வள்ளியக்கா, "வேணாம்டி. மறைக்குறதுக்கு மூணு மாசமா முதுகு ஒடியுது, நீ மணி கட்டி விடப் போறியா?" என்றாள்.

"ஆத்தா பாத்துக்குவா" என்றேன். நான் செய்கிற முட்டாள்தனத்துக்கெல்லாம் ஆத்தாளைக் காவல் வைப்பது என் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். கோலா சிலாங்கூர் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். கன்னத்தில் சந்தனம் பூசும்போது சுமினா அழுதாள். எங்கள் ஊரிலும் ஏழாம் மாதம் செய்வார்கள் அக்கா, தேங்காய் வைப்பார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள் என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நான்தான் ஜாவாவையும் கண்டுபிடித்தது போல. "பிரசவம் ஆகுற வரைக்கும் கழட்டாதே. ஒண்ணு உடைஞ்சாலும் என்கிட்ட சொல்லு" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். அவள் சொன்ன பேச்சுக் கேட்கிறவள். அதுதான் வினை.

மறுநாள் காலை பெரட்டு. வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் அப்படித்தான் பெயர். சுமினா அந்தப் பெரிய சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்து ரப்பர் போட்டுக் கட்டியிருந்தாள். கிராணி அவள் பெயரைக் கூப்பிட்டார். பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினாள். வளையலெல்லாம் சட்டைக் கைக்குள்ளேயே முழங்கை வரை சரிந்து கலகலவென்று குலுங்கியது. அத்தனை பேர் நின்ற களத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

மானேஜர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வங்காளதேசத்துப் பையன்கள் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வெறும் வளையல். அதன் அர்த்தம் தெரிந்தவர் ஒருத்தர்தான் அந்த வராந்தாவில் நின்றார். விபூதி பூசிய நம்மவர். தன் பெண்டாட்டிக்கும் மகளுக்கும் ஊரைக் கூட்டி வளைகாப்பு போட்டவர். நானே அதில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். படியிறங்கி வந்து அவள் எதிரில் நின்றார்.

"யாரு இவளுக்கு வளைகாப்பு போட்டது?"

வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"கேக்குறேன்ல. யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். என் காலடியில் ஒரு செம்பனைப் பழம் நசுங்கிக் கிடந்தது, இன்றைக்கும் அதன் நிறம் சொல்வேன். வள்ளியக்கா, "நாங்க எல்லாரும்தான். ஏன், உங்க வீட்ல போட்டா மட்டும்தான் பிள்ளைக்குக் காது கேக்குமா?" என்றாள். அவள் வேலை அந்த மாதத்தோடு போனது. என் வேலை போகவில்லை. ஏனென்றால் நான் வாயைத் திறக்கவில்லை. சுமினா என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். என்னைக் காப்பாற்றத்தான்.

வயிற்றைச் சோதிக்கத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் கூட்டிப்போனார்கள். நான்காம் நாள் வேனில் ஏற்றினார்கள். ஏழு மாத வயிற்றோடு, தனியாக. யந்தோ ஆபீஸ் வாசலில் மானேஜர் காலைப் பிடித்தான். நானும் கூடப் போகிறேன் என்றான். ஒப்பந்தம் முடியவில்லை, பாஸ்போர்ட் தர முடியாது என்றார்கள். அடுத்த வாரம் பாஸ்போர்ட்டை அவர்களிடமே விட்டுவிட்டு எங்கேயோ ஓடிப்போனான். ஓடிப்போனவனுக்குக் 'கள்ளக் குடியேறி' என்று பெயர் வைத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கிராணி எனக்குக் கையில் பிரசாதம் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கியது. நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது மேடையில் அவருக்குப் பொன்னாடை. என்ன குரல் கொடுத்தார் என்று நான் ஒருத்தி நினைத்துப் பார்க்கிறேன். "ரூல் இருக்கு" என்பதுதான் அவர் கொடுத்த குரல். மழைக்கோட்டு கொடுக்கிற ஒய்பிக்கு ஒன்று சொல்வேன். என் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதத்துக்கு மேல் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. நல்ல சட்டம், போட்டவர்கள் நன்றாக இருக்கட்டும். மருமகள் போகிற அதே ராவாங் தொழிற்சாலையில் அவள் பக்கத்தில் வேலை செய்கிற நேப்பாளப் பெண்ணுக்கு வருடா வருடம் வயிற்றுச் சோதனை. "இருந்தா அனுப்பிடுவாங்க அத்தை" என்று மருமகள் சாதாரணமாகச் சொல்கிறாள், மழை வரும் போல இருக்கு என்கிற மாதிரி. அந்த ரூலை எடுங்கள். உண்டான பெண் எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் மருந்து, புகை, பாரம் இல்லாத வேலை கொடுங்கள். புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளை பெற்றுக்கொள்வது குற்றமில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மழைக்கோட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் தானாகத் திறக்கிற கேட்டு. பெரட்டுக் களத்தில் கார் கழுவுகிற கடை. கோயிலைப் பெயர்த்து ரோட்டோரம் வைத்துவிட்டார்கள். வள்ளியக்கா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். சுமினாவின் ஊர்ப் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு தடவை சொன்னாள், மருந்து வாடையில் காதில் வாங்கவில்லை. அந்தப் பிள்ளை பிறந்ததா, தங்கியதா, ஆணா பெண்ணா, எனக்குத் தெரியாது. இருந்தால் இந்நேரம் அதுவும் எங்கேயாவது பெர்மிட்டில் நிற்கும்.

படித்தவர்கள் யாராவது இதை மற்றவர்களுக்குக் கொடுத்தால் இப்படியே கொடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், பரவாயில்லை. ஆனால் என்னை நல்லவளாக்கிவிடாதீர்கள். 'நாங்கள் எல்லாரும் அவளுக்காக நின்றோம்' என்று மாற்றிவிடாதீர்கள், மேடையில் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வள்ளியக்கா நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.