உனக்கு வயசாயிருச்சு

குறை என்னுடையது. அதை என் மனைவி பாப்பாத்தியின் தலையில் கட்டினேன். மூன்று வருடமாக அவள் சுமக்கிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. மூன்று வருடத்துக்கு முன்பு எனக்குச் சதா சோர்வு, எரிச்சல், அவள் அருகில் போகவே விருப்பமில்லை... ஒரு நாள் அவளே கேட்டாள்.

"ஏனுங்க, எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

"உனக்கு வயசாயிருச்சு. ஒடம்பு எப்படிப் பெருத்துக் கெடக்குது பாரு" என்றேன்.

தெரிந்தே சொன்ன பொய்! அதற்கு முந்தின வாரம்தான் ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஆண் ஹார்மோன், டெஸ்டோஸ்டீரோன், குறைவு என்று வந்திருந்தது. "தொப்பையைக் குறைங்க, தினம் நடங்க, எடை தூக்குங்க. ஹார்மோன் ஏறலாம், ஏறாமலும் போகலாம்" என்றார் டாக்டர். அந்தக் காகிதத்தைத் தீவன பில்களுக்குள் செருகி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, விடியலில் பாப்பாத்தி புது ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். "நடந்தா எளைக்குமாமுங்க. தனியாப் போக வெக்கமா இருக்குது, கூட வாரீங்களா?"

எனக்கு எவ்வளவு வசதி! என் வைத்தியம் அவள் பெயரில் நடந்தது. பொண்டாட்டிக்காக நடக்கிற மனுசன் என்று ஊரே மெச்சியது. பண்ணையில் ஆள் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு தீவன மூட்டைகளையும் நானே தூக்கினேன்.

ஒரு வருடத்தில் தொப்பை கரைந்தது. ஆசையும் திரும்பியது. நடையாலா, மூட்டையாலா, இல்லை, பக்கத்தில் மூச்சிரைக்க நடந்தவளைப் பார்த்துப் பார்த்துத்தானா...? எனக்கு விளங்கவில்லை. மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கவும் பயம். ஹார்மோன் ஏறியிருந்தால், குறை என் உடம்பில்தான், நான் பொய்யன் என்பது உறுதியாகிவிடும். ஏறாமலிருந்தால், பிறகு எதுதான் என்னை மாற்றியது?

அவளுக்குக் குழப்பமே இல்லை. "நா எளைச்சதுக்கப்பறந்தானுங்க நீங்க என்னையத் திரும்பிப் பாத்தீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேனா, வெறும் கோழைத்தனமா? இன்றுவரை தெரியவில்லை.

இப்போது அவளுடைய வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. எலும்பு டாக்டர் சில மாதம் நடையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

"நின்னுட்டா மறுபடி பெருத்துருவனுங்க. அப்பறம் நீங்க..." என்று பாதியில் நிறுத்திக்கொள்கிறாள்.

ஒரு வார்த்தைதானே, சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் அவள் கால் பிழைக்கும். அதற்குப் பிறகு என் முகத்தில் அவள் விழிப்பாளா? அவள் காலைவிட என் முகம் பெரிதா? பெரிது என்றுதானே இத்தனை நாளும் நடந்துகொண்டிருக்கிறேன்... சீ!

இன்று காலையும் நொண்டிக்கொண்டே வந்து, என் தோளைப் பிடித்தபடி வாசற்படி இறங்கினாள். இருவரும் நடந்துவிட்டு வந்தோம்.