உப்புத் தண்ணீரில் வந்த விஷம்

எங்கள் தடயவியல் கூடத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர் திரையில் வட்டம் வட்டமாகப் போட்டு, அம்புக்குறியால் கோர்த்து, இதற்குப் பெயர் சிஸ்டம்ஸ் திங்கிங் என்றார். தடயத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது வந்த வழி முழுவதையும் பாருங்கள் என்றார். பிணவறை வாசலைக்கூட மிதித்திராத மனுஷன். எல்லோரும் தலையாட்டினோம், சான்றிதழ் வாங்கினோம், பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தோம்.

அடுத்த வாரம் கறம்பக்குடிப் பக்கத்து வழக்கு ஒன்றில் நீதிமன்றம் எங்களிடம் விளக்கம் கேட்டது. கணவனுக்குப் பூச்சிமருந்து கொடுத்துக் கொன்றதாக ஒரு பெண் எட்டு மாதமாகச் சிறையில் இருந்தாள். அவர் நெஞ்சுவலியில்தான் போனார் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு எதிராக இருந்ததெல்லாம் எங்கள் அறிக்கை ஒன்றுதான்: இரைப்பையில் பூச்சிமருந்து உண்டு.

விளக்கம் எழுதக் கோப்புகளைப் புரட்டினேன். அவள் கணவனை அறுத்துப் பார்த்த அதே ஆஸ்பத்திரியிலிருந்து அதற்குப் பிறகு வந்த இரண்டு பேர் வயிற்றிலும் அதே மருந்து. அதில் ஒருவர் லாரி மோதிச் செத்தவர். லாரியில் அடிபடப் போகிறவர் மருந்தையும் குடித்துவிட்டா ரோட்டுக்கு வந்தார்? கேட்க ஒரு நாதி இல்லை.

உறுப்புகள் கெடாமலிருக்கப் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி அனுப்புவார்கள். விஷம் அந்தத் தண்ணீரிலேயே இல்லை என்று உறுதி செய்துகொள்ள, வெறும் உப்புத் தண்ணீரிலும் கொஞ்சம் தனியாக அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று வழக்கிலும் அது வரவில்லை. பாட்டில்களைக் கொண்டுவந்த ஏட்டிடம் கேட்டால், வெறும் உப்புத் தண்ணியை எதுக்கு சார் பஸ்ல தூக்கிட்டு வரணும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போனேன். டாக்டர் பிணவறைக்குள் வரவேயில்லை. வெளியே நின்று செல்போனைத் தடவியபடி, எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது என்றார். உள்ளே ஒரு நீல டிரம்மில் உப்பு. கரையானுக்கு அடிக்கும் மருந்து வந்த டிரம் அது. லேபிளைக் கிழிக்கக்கூடத் துப்பில்லை. நல்லா கழுவிட்டுத்தான் கொட்டினோம் என்றார் அங்கே வேலை பார்ப்பவர், பெருமையாக. உப்பைக் கட்டி எடுத்துவந்து சோதித்தேன். அதே மருந்து.

எங்கள் அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டிலுக்குள் இருப்பதைச் சொல்வதுதான் உன் வேலை, வெளியே உனக்கென்ன ஜோலி என்றார். பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். இந்தக் கூட்டத்தோடு குப்பை கொட்டுகிறோமே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

டிரம்மைப் பற்றி நான் எழுதிய விளக்கத்தால் அந்தப் பெண் விடுதலையான அன்று நீதிமன்ற வாசலில் வக்கீல் அவளை என்னிடம் அழைத்துவந்து, இவரால்தான் வெளியே வந்தாய் என்றார். எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அவள் கும்பிடவில்லை.

"மொத அறிக்கை எழுதுனது யாருங்க?"

நான்தான். தனி உப்புத் தண்ணீருக்கான கட்டத்தில் 'வரவில்லை' என்று என் கையால் எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே விஷம் உண்டு என்று கையெழுத்துப் போட்டவன். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"வரலைன்னு தெரிஞ்சுமா எழுதுனீங்க?" என்றாள்.