அக்னஸ் விட்டுப்போன முயல்

பாலக்கரையில் குடியிருந்த அமிர்தசாமி ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. மனைவி காலராவில் போன பிறகு அவருக்கு மகள் அக்னஸ் மட்டும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அவளும் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். அவள் வளர்த்த வெள்ளை முயலை அங்கே கொண்டுபோக முடியாது. "பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுவரை அவர் அந்த முயலுக்குத் தீனி வைத்ததில்லை. இப்போது தானே சமைத்தார். அளவு தெரியாததால் சோறு எப்போதும் மிஞ்சியது. அதைக் கூண்டில் வைத்தார். மகளுக்கு வாங்கிப் பழகிய வாழைப்பழத்தையும் ரொட்டியையும் வாங்கிவந்து போட்டார். முயல் ஆசையாகத் தின்றது. கூண்டுக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு அவரும் சாப்பிட்டார். வீட்டில் இன்னொரு வாய் மெல்லும் சத்தம் கேட்டாலே அவருக்குப் போதுமாயிருந்தது.

கொஞ்ச நாளில் புழுக்கை இளகிப் பின்பக்க ரோமத்தில் ஒட்டியது. பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து பார்த்தால் பழம் வைத்தபடியே இருந்தது. முயல் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. வயிறு உப்பிக் கல்லாயிருந்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

"முயலுக்கெல்லாம் யாருங்க வைத்தியம் பாப்பாங்க? விடுங்க" என்றார் பக்கத்து வீட்டுச் சின்னையன். அமிர்தசாமி கழற்றிய கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

அன்று உறவினர் பார்க்கிற நாள் இல்லை. வாசலில் இருந்த வயதான சிஸ்டர், "வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டார்.

"முயலுக்குங்க" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த அம்மாள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்னஸ் வெள்ளை முக்காட்டோடு வந்தாள். கூடவே இன்னொரு சிஸ்டர். மகளை நீ என்பதா, நீங்க என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"என்னப்பா குடுத்தீங்க?"

"சோறு, பழம், ரொட்டி..."

"அதெல்லாம் அதுக்கு ஆகாதுப்பா. நான் புல்லுதானே போடுவேன்?"

"நீங்க என்ன போட்டீங்கன்னு நான் பாக்கலியேம்மா."

நீங்க என்றதும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க. தண்ணி வைங்க. காஞ்ச அறுகம்புல்ல மூஞ்சிகிட்ட வைங்க. வயித்த மெதுவாத் தடவிவிடுங்க. தேறின பிறகு கீரை கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கலாம். எதையும் திடீர்னு மாத்தக் கூடாதுப்பா."

"சரிம்மா" என்றார். வேறு என்னென்னவோ கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் கூட வந்த சிஸ்டர் எழுந்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க முயலை மடியில் வைத்துத் தடவினார். பொழுது சாய்கிற நேரத்தில் அது ஒரு புல்லைக் கடித்து மென்றது. மறுநாள் காலையில் கூண்டில் சின்னச் சின்னதாய்ப் புழுக்கைகள் கிடந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அதிலிருந்து ஆபீசுக்குப் போகுமுன் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் புல் பறித்து வருவார். பார்க்கிற நாளில் மடத்துக்குப் போனால் முயல் தின்றதும் துள்ளியதும்தான் பேச்சு. அக்னஸ் விடாமல் கேட்பாள். அவரும் விடாமல் சொல்வார்.

யுத்தம் தொடங்கிய பிறகு முயல் வயதாகிச் செத்தது. "வேற ஒண்ணு வாங்கிக்கங்கப்பா" என்றாள் அக்னஸ். "பாக்கலாம்மா" என்றவர் வாங்கவில்லை.

அப்புறமும் தவறாமல் மடத்துக்குப் போனார். "சாப்டீங்களா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். பிறகு மணி அடிக்கும்வரை இருவரும் தெருவில் போகிற ஜட்கா வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.