எர்த் கம்பி போன வழி

ஓய்வு பெற்ற மறுமாதம் பழைய ஸ்டீரியோ செட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். விளாங்குடியில் அப்பா கட்டிய வீட்டில் எனக்கு வந்த பாதியில், முன்னறையில் அதை வைத்தேன். அம்ப்ளிபயரைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கி, புதிதாக ஒரு ஸ்டெபிலைசரும் போட்டு, டிவியோடு இணைத்தேன். இரண்டு நாள் நன்றாகப் பாடியது. மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழுந்தது. பாட்டை நிறுத்திய பிறகும் அது இருந்தது. இரவிலும் நிற்கவில்லை.

ஒரு வாரம் அதன் பின்னால் அலைந்தேன். பிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன், டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயரைக் கரண்டு வயரிலிருந்து தள்ளிப் போட்டேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் டிவியிலிருந்து வரும் வயரைப் பிடுங்கியதும் சட்டென்று அடங்கியது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அம்ப்ளிபயரை நகர்த்தப் போனேன். அதன் இரும்பு உடம்பு விரலில் சுருக்கென்று அடித்தது.

அதற்குப் பிறகுதான் வாடிப்பட்டியிலிருந்து எலக்ட்ரீசியனை வரச் சொன்னேன். அவர் பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“எர்த்துல கரண்ட் வருதுண்ணே. வரக் கூடாது. உங்க எர்த் குழி எங்க இருக்கு?”

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அப்பா போட்டது என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. துவைக்கிற கல் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்தப் பக்கம் என் அண்ணன் வீடு; அவரும் மதினியும் மட்டும்தான். அம்மாவின் கடைசி நாட்கள் அண்ணனிடம்தான் கழிந்தன. ஆஸ்பத்திரியில் சேர்ப்போம் என்று நான் நின்றேன், அவர் கேட்கவில்லை. காரியத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கையில், “அம்மாவ நீதாண்ணே கொன்ன” என்று சொன்னேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அடுத்த மாதம் கொத்தனார் வந்தார், ஹாலின் நடுவில் சுவர் எழுந்தது. கரண்ட் மீட்டர் இரண்டானது. எர்த் கம்பியை மட்டும் யாரும் நினைக்கவில்லை; இரண்டு வீட்டுக்கும் அதே குழிதான். ஐந்து வருஷமாகத் தெருவில் எதிரே வந்தால் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு போவோம்.

அங்கே ஏதோ ஒரு சாமானில் லீக் இருக்கிறது, தொடுகிறவர்களுக்கு ஆபத்து, உடனே சொல்லிவிடுங்கள் என்றார் எலக்ட்ரீசியன். நான் அசையாமல் நின்றேன். அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி மெதுவாகச் சொன்னாள்:

“உங்க மதினிக்கு ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்காங்க. ஒரு வாரம் ஆச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவுங்கதான் சொன்னாங்க.”

நுரையீரல் சுருங்கிப்போகிற வியாதியாம். இவள் பல மாதமாகக் கொல்லைச் சுவருக்கு மேலாகக் கஞ்சி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது.

எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு தெரு வழியாகப் போய்க் கதவைத் தட்டினேன். அண்ணன் திறந்தார். தாடி நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும், வா என்று சொல்லாமல், வழியை விட்டு விலகி நின்றார். உள்ளே கட்டிலில் மதினி சாய்ந்து உட்கார்ந்திருந்தது, மூக்கில் குழாயோடு. முன்பு நல்ல திடமான உடம்பு. இப்போது கழுத்து எலும்பு தெரிந்தது. “வா தம்பி” என்றது. அதற்கே மூச்சு வாங்கியது.

மெஷினுக்குக் கீழே ஒரு பழைய ஸ்டெபிலைசர் இருந்தது. லீக் அதில்தான். சரிசெய்ய வேண்டுமானால் மெஷினை நிறுத்தியாக வேண்டும். எம்புட்டு நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீசியன் கேட்டார். பத்து நிமிஷம் என்றார் அண்ணன், அதையும் தயங்கித்தான் சொன்னார். மதினி விரலில் மாட்டியிருந்த சின்னக் கருவியில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று மூன்று என்று இருந்தது. நிறுத்தினார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே வயர் கருகித் தகரத்தோடு ஒட்டியிருந்தது. இது இனி ஆகாது, இது இல்லாமல் நேராகப் போட்டால் வோல்டேஜ் ஏறி இறங்கி மெஷின் கெட்டுவிடும் என்றார் எலக்ட்ரீசியன். அதற்குள் எண் எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

நான் என் வீட்டுக்கு ஓடினேன். அம்ப்ளிபயரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, புது ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாக ஓடி வந்தேன். எண்பத்து மூன்று. மதினியின் உதடு நீலம் பூத்திருந்தது. அண்ணன் மதினி கையைப் பிடித்துக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இணைத்ததும் மெஷின் ஓடத் தொடங்கியது. எண் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மதினி கண்ணயர்ந்த பிறகு, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்ன என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், இதே கேள்வியை ஐந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டது நினைவுக்கு வந்தது.

“வேணாங்குறா. வீட்டுலயே இருக்கேங்குறா.” என்றார் அண்ணன். “அம்மாவும் அதத்தான் கேட்டுச்சு. என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்குச்சு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே.”

“நீ கேக்குற நெலமையில இல்ல. எனக்கும் சொல்லப் பிடிக்கல.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இப்போது வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மன்னிப்பை நான் இன்று வரை கேட்கவில்லை.

அடுத்த வாரம் என் பக்கத்தில் புது எர்த் குழி வெட்டினோம், கரியும் உப்பும் போட்டு. அண்ணன் கொல்லையில் இருந்த பழைய குழியிலும் தண்ணீர் விட்டுச் சரிசெய்தோம். அன்றிலிருந்து தினமும் மதியம் மதினி பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். அண்ணன் அந்த நேரத்தில் குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்குவார். மதினி அதிகம் பேச முடியாது. ஒருநாள் மட்டும், “ஒங்க அண்ணன் தனியாச் சோறு தின்ன மாட்டாரு தம்பி” என்றது. சரி மதினி என்றேன்.

மதினி நான்கு மாதம் இருந்தது. ஒரு விடிகாலையில், அண்ணன் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் போய்விட்டது.

பதினாறாம் நாள் முடிந்து, வாடகைக்கு எடுத்த மெஷினைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் இருவரும் ஆட்டோவில் போனோம். அது சாயாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கடைக்காரர் ரசீதில் கையெழுத்துக் கேட்டார். அண்ணன் பேனாவை என்னிடம் நீட்டினார், நான் போட்டேன். வெளியே வந்து வெகுநேரம் ரோட்டோரத்தில் நின்றோம். அலங்காநல்லூர் பஸ் ஒன்று போனது, அதற்குப் பின்னால் இன்னொன்று. வீட்டுக்குப் போகலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வெயில் ஏறிய பிறகு, சாப்பாடு ஆறிப்போகும் என்று சொல்லி நடக்க ஆரம்பித்தேன். அவரும் கூட வந்தார்.