பொன் தேடும் வேலையும் அன்னலட்சுமியின் தாலியும்

கொடகவெலவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அன்னலட்சுமிக்குப் பொன் தேடும் வேலை வந்தது போன வருடம்தான். ஆதியில் மணலும் சேறுமாகப் படிந்த பாறை, பூமிக்குள் நெரிபட்டு, சுடுநீர் ஊறி, நிறம் மாறிக் கிடக்கும் பட்டையொன்று அந்தச் சரிவில் ஓடுகிறதாம். அப்படிப்பட்ட இடத்தில் தங்கம் ஒதுங்கியிருக்கலாம் என்று ஒரு கம்பெனி வந்து இறங்கியது. மண்ணை அள்ளிச் சலித்து, சோதனைக்கு அனுப்பப் பைகளில் கட்டப் பெண்கள் தேவைப்பட்டார்கள்.

“தோடு, மூக்குத்தி, தாலி எல்லாத்தையும் கழட்டிட்டு வாங்கக்கா,” என்றார் மேற்பார்வை பார்த்த ஸ்ரீதரன். நகை உரசி ஒரு துகள் மண்ணில் விழுந்தாலும் சோதனை பொய் சொல்லிவிடும். அது சரிதான். ஆனாலும் கட்டினவன் உயிரோடிருக்கத் தாலியைக் கழற்று என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அன்னலட்சுமி மாட்டவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். புருஷன் ஜெயகாந்தனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. இரத்தம் சுத்திகரிக்க அடிக்கடி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிக்க வேண்டும். கொழுந்துச் சம்பளம் எந்த மூலைக்கு? கடைசியில் அவரே ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை நூலில் கோத்து, மூச்சு வாங்க வாங்க அவள் கழுத்தில் கட்டினார்.

“மஞ்சளும் தாலிதான் புள்ள. வேல முடியட்டும், தங்கத்த நானே கட்டி விடுறேன்.”

“நீங்கதான் கட்டணும். நானா எடுத்துப் போட்டுக்க மாட்டேன்.”

மற்றப் பெண்களும் மஞ்சள் கட்டிக்கொண்டு, கழற்றிய நகைகளைக் கைப்பைகளில் போட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தார்கள். தங்கம் அகப்படுமா என்று அவர்களுக்கு ஒரே பேச்சு. அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. வேலை முடியும்வரை அவர் இருந்தால் போதும்.

அவர் இருக்கவில்லை. அடைமழையில் மண் சரிந்து பாதையை மறித்தது, வேன் வர முடியவில்லை. மறுநாள் விடியுமுன் மூச்சு அடங்கிவிட்டது. விதவையின் தாலியைக் கழற்றி வாங்கும் சடங்குக்கு வந்த பெண்கள், தங்கத் தாலியைப் போட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள்.

“அவரு கடைசியா கட்டுனது இதுதான். இதையே எடுத்துக்கங்க,” என்றாள். அந்த மஞ்சள் அவரோடு குழிக்குள் போனது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் சோதனை முடிவு வந்தது. சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை.

“வேல முடிஞ்சுதுக்கா. இனி நக போட்டுக்கலாம்,” என்றார் ஸ்ரீதரன். பெண்கள் கொட்டகையில் விட்டிருந்த கைப்பைகளைத் திறந்தார்கள். புதிதாகக் கல்யாணமான கேஷானி தாலியை எடுத்தவள், அன்னலட்சுமியைக் கண்டதும் கூசிப்போய் மறுபடி உள்ளே வைத்தாள்.

“ஏன் புள்ள ஒளிக்கிற? வீட்டுக்குப் போயி அவரு கையால கட்டிக்க,” என்றாள் அன்னலட்சுமி. “இன்னைக்கே கட்டிக்க.”